பேய்க் கதை மன்னன் லவ்கிராஃப்ட்டுக்கு 20 வயது ஏஜென்ட் செய்த உதவி என்ன? நிராகரிப்புகளுக்கு நடுவே ஒரு வாழ்க்கை

1935-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 45 வயது எழுத்தாளர் ஒருவரிடம் 115 பக்கத் தட்டச்சுப் பிரதி ஒன்று இருந்தது. அண்டார்டிகா பனிமலைகளுக்கு நடுவே, மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே கட்டப்பட்ட ஒரு நகரத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அதுதான் கதை. 4 வருடத்துக்கு முன்பு ஒரு பத்திரிகை இதைத் திருப்பி அனுப்பியது. அவ்ளோதான். நண்பர்கள் சிலர் கைமாற்றிப் படித்ததோடு சரி, அச்சுக்குப் போகவே இல்லை.

அந்தப் பிரதியை 20 வயது இளைஞர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். 350 டாலருக்கு விற்றார். தன் பங்காக 10 சதவீதம், அதாவது 35 டாலர் எடுத்துக்கொண்டு மீதி 315 டாலரை எழுத்தாளருக்குக் கொடுத்தார்.

எழுத்தாளர் பெயர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட். இன்று ஹாரர், ஃபேன்டஸி உலகில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆக்டோபஸ் தலையோடு கடலடியில் தூங்கும் 'கத்துலு' என்ற பூதம் அவருடைய கற்பனைதான். அந்த இளைஞர் பெயர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். அவர் யார் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில், இவ்வளவு பெரிய எழுத்தாளரின் கதையை விற்க ஏன் வேறொருவர் வர வேண்டியிருந்தது?

யார் இந்த லவ்கிராஃப்ட்?

1890 ஆகஸ்ட் 20 அன்று பிராவிடன்ஸில் பிறந்தார். அப்பா ஒரு வெள்ளிப் பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. லவ்கிராஃப்ட்டுக்கு 3 வயது ஆவதற்குள் அப்பாவுக்கு மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1898-ல் அங்கேயே இறந்தார். பையனை வளர்த்தது அம்மா, அம்மாவின் சகோதரிகள், தாத்தா. தாத்தா விப்பிள் பிலிப்ஸ் வசதியான தொழிலதிபர். பேரனுக்குப் பேய்க் கதை சொல்லி வளர்த்த முதல் ஆள் அவர்தான். 5 வயதில் அரேபிய இரவுக் கதைகளைப் படித்துவிட்டுத் தனக்கு அப்துல் அல்ஹஸ்ரத் என்று பெயர் வைத்துக்கொண்டான் அந்தச் சிறுவன். பிற்காலக் கதைகளில் ஒரு மந்திரப் புத்தகத்தை எழுதிய பைத்தியக்கார அரேபியருக்கு அதே பெயரை வைத்தார்.

பாட்டி இறந்தபோது வீடு முழுக்கக் கறுப்பு உடை. 5 வயதுக் குழந்தைக்குக் கெட்ட கனவுகள் தொடங்கின. முகமே இல்லாத, இறக்கை வைத்த உருவங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு பறந்தனவாம். 1904-ல் தாத்தாவும் போனார். சொத்து கரைந்தது, பெரிய வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. உடல்நிலையும் மனநிலையும் சரியில்லாமல் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. 1908-ல் இருந்து சில வருடங்கள் கிட்டத்தட்ட வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்.

வெளியே இழுத்து வந்தது அமெச்சூர் பத்திரிகை இயக்கம். காசு வாங்காமல், ஆர்வத்துக்காக எழுதி, சிறு இதழ் அச்சடித்துத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் கூட்டம் அது. நம்மூர்ச் சிறுபத்திரிகை வட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1914-ல் அதில் சேர்ந்தார். நண்பர்கள் கிடைத்தார்கள். கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: நல்ல குடும்பத்து மனிதன் காசுக்காக எழுதக் கூடாது என்ற எண்ணம். பிற்பாடு வயிற்றுப்பாட்டுக்கே கஷ்டம் வந்தபோதும் அந்த எண்ணம் அவரை விடவில்லை.

வேலைக்கு ஆகாத கவரிங் லெட்டர்

1923-ல் சிகாகோவில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகை தொடங்கப்பட்டது. விநோதக் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை. நண்பர்கள் வற்புறுத்தியதால் லவ்கிராஃப்ட் 5 கதைகளை அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினார் தெரியுமா? இவை உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை என்றார். இதில் ஒரு கதையை வேறொரு பத்திரிகை ஏற்கெனவே நிராகரித்துவிட்டது என்று அந்தப் பத்திரிகையின் பெயரையும் சொன்னார். வணிக எழுத்துக்கான விதிகளைத் தான் கண்டுகொள்வதில்லை என்றார். ஒருவேளை வெளியிட்டால் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்.

இன்றைக்கு ஒரு லிட்டரரி ஏஜென்ட்டுக்கு இப்படி மெயில் அனுப்பினால் 2-வது வரியிலேயே டெலிட் ஆகிவிடும். நல்லவேளையாக, ஆசிரியர் எட்வின் பேர்டு கதைகளைப் படித்தார். பிடித்திருந்தது. ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி விட்டு மறுபடி டைப் செய்து அனுப்புங்கள்.

லவ்கிராஃப்ட்டுக்கு உலகத்திலேயே பிடிக்காத வேலை டைப் அடிப்பதுதான். முனகிக்கொண்டே 'டேகன்' என்ற கதையை மட்டும் மறுபடி டைப் செய்து அனுப்பினார். அது 1923 அக்டோபர் இதழில் வந்தது. அந்த விசித்திரக் கடிதத்தையும் பேர்டு ஏற்கெனவே பத்திரிகையில் போட்டுவிட்டார் என்பது தனிக் காமெடி.

ஹனிமூனில் டைப் அடித்த எழுத்தாளர்

1924 தொடக்கத்தில் பத்திரிகையின் உரிமையாளர் ஹென்னபெர்கர் ஒரு வேலை கொடுத்தார். புகழ்பெற்ற மேஜிக் நிபுணர் ஹூடினியின் பெயரில் ஓர் எகிப்துக் கதை எழுதித் தர வேண்டும். கூலி 100 டாலர். எழுதி முடித்து, டைப் செய்து, பிராவிடன்ஸ் ரயில் நிலையத்துக்குப் போனார். அங்கே தட்டச்சுப் பிரதி தொலைந்துபோனது.

அவர் ரயில் ஏறிக்கொண்டிருந்தது நியூயார்க்கில் தன் சொந்தக் கல்யாணத்துக்கு! மார்ச் 3-ம் தேதி சோனியா கிரீனை மணந்தார். சோனியா அவரைவிட 7 வயது மூத்தவர், உக்ரைனில் பிறந்த யூதப் பெண், தொப்பி வியாபாரத்தில் சுயமாகச் சம்பாதித்தவர். கையெழுத்துப் பிரதி கைவசம் இருந்ததால் தப்பித்தார்கள். தேனிலவுக்குப் போன ஃபிலடெல்ஃபியாவில் சோனியா வாசிக்க வாசிக்க இவர் டைப் அடித்தார். பாவம் சோனியா.

அதே வருடம் ஒரு பெரிய வாய்ப்பும் வந்தது. 'வியர்ட் டேல்ஸ்' ஆசிரியர் பதவியே அவரைத் தேடி வந்தது. சிகாகோவுக்குக் குடிபோக மனமில்லாமல் மறுத்துவிட்டார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். அடுத்த 10 வருடங்களுக்கு மேல் லவ்கிராஃப்ட்டின் கதைகளை வாங்கியவரும் அவர்தான், திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

நியூயார்க் வாழ்க்கை சரிப்படவில்லை. சோனியாவின் தொழில் நொடித்தது. வேலைக்காக அவர் வேறு ஊருக்குப் போனார். லவ்கிராஃப்ட் புரூக்ளினில் தனியாக ஒரு அறையில் இருந்தார். 1925-ல் திருடர்கள் புகுந்து அவருடைய உடைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எவ்வளவு தேடியும் நிலையான வேலை கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். லவ்கிராஃப்ட் கடுமையான இனவெறி கொண்டவர். புலம்பெயர்ந்து வந்த மக்கள் நிறைந்த நியூயார்க் தெருக்களை அருவருப்போடு பார்த்தார். அந்த வெறுப்பில் எழுதியதுதான் 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்'. யூதப் பெண்ணை மணந்துகொண்டே யூதர்களைப் பற்றி மோசமாகப் பேசியவர். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அவர் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சமாதானம் பத்தாது. உலக ஃபேன்டஸி விருது 1975 முதல் அவருடைய முகச் சிலையாகத்தான் வழங்கப்பட்டது. இந்தக் காரணத்தால் எதிர்ப்பு கிளம்பி 2015-ல் அந்தச் சிலை கைவிடப்பட்டது.

கத்துலுவையே வேண்டாம் என்ற ஆசிரியர்

1926 ஏப்ரலில் சொந்த ஊருக்குத் திரும்பினார். கல்யாண வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்தது, எழுத்து பொங்கி வந்தது. அந்தக் கோடையில் எழுதியதுதான் 'தி கால் ஆஃப் கத்துலு'. ரைட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது.

ஏன்? ரைட் கெட்ட ஆசிரியர் இல்லை. ஆனால் அவர் முன்னால் இருந்தது 25 சென்ட் கொடுத்துப் பத்திரிகை வாங்கும் வாசகர். அவருக்குப் பழகிய பேய், பழகிய ரத்தக் காட்டேரி, கடைசியில் ஒரு தீர்வு வேண்டும். லவ்கிராஃப்ட் கொடுத்ததோ வேறு ரகம். அவருடைய கதையில் வரும் பூதத்துக்கு மனிதன் மேல் கோபமே கிடையாது. மனிதன் என்று ஒருவன் இருப்பதே அதற்குப் பொருட்டில்லை. இந்தப் பிரபஞ்சத்தில் நம் சட்டம், பாசம், நீதி எதற்கும் மதிப்பில்லை என்பதுதான் அவர் கொடுத்த பயம்.

1927-ல் டொனால்டு வாண்ட்ரி என்ற இளம் நண்பர் சிகாகோவில் ரைட்டைச் சந்தித்தார். பேச்சோடு பேச்சாக, அந்தக் கதையை லவ்கிராஃப்ட் வேறு பத்திரிகைக்குக் கொடுக்க யோசிக்கிறார் என்று ஒரு பிட்டைப் போட்டார். கொஞ்ச நாளில் ரைட்டே கதையைத் திரும்பக் கேட்டார். 165 டாலர் கொடுத்து 1928 பிப்ரவரி இதழில் வெளியிட்டார்.

கவனியுங்கள், கதையில் மாற்றமே இல்லை. மாறியது விற்ற விதம். ஒரு நல்ல ஏஜென்ட் செய்கிற வேலை இதுதான். வாண்ட்ரி அதைக் காசு வாங்காமல் செய்தார்.

ஏஜென்ட் இல்லாமல் தானே பேரம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 1927-ல் உதாரணம் இருக்கிறது. விண்ணிலிருந்து விழுந்த கல்லால் ஒரு பண்ணையே நிறம் மாறிச் சாகும் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதையை 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகைக்குக் கொடுத்தார். அவருடைய மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. பலமுறை கேட்ட பிறகு வந்த காசு வெறும் 25 டாலர். அதன் உரிமையாளர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்குக்கு லவ்கிராஃப்ட் எலி என்று பட்டப்பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு 'நோ', நின்றுபோன பேனா

1931 தொடக்கத்தில் 'அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' எழுதினார். தொடக்கத்தில் பார்த்த அண்டார்டிகா கதை. சுமார் 40,000 சொற்கள். வெறுத்த டைப்ரைட்டரிலேயே 115 பக்கமும் அடித்தார். ரைட் மறுத்தார். ரொம்ப நீளம், தொடராகப் பிரிக்க வசதியில்லை, நம்பும்படி இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

மனுஷன் உடைந்துபோனார். அதே வருடம் பட்னம் பதிப்பகம் அவருடைய கதைத் தொகுப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வேண்டாம் என்றது. 1933-ல் க்னாஃப் பதிப்பகமும் அப்படியே செய்தது. ஆயிரம் பிரதிகளை 'வியர்ட் டேல்ஸ்' மூலம் விற்றுத்தர முடியுமா என்று க்னாஃப் கேட்டதற்கு ரைட்டால் உறுதி கொடுக்க முடியவில்லை. 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்' கதையை எழுதி முடித்ததும் லவ்கிராஃப்ட் எங்கும் அனுப்பாமல் ஓரமாக வைத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நண்பர் ஆகஸ்ட் டெர்லெத் அதை ரைட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. அந்த அண்டார்டிகா கதைக்குக் கிடைத்த மறுப்புதான் தன் எழுத்து வாழ்க்கையை முடித்துவைத்தது என்று கடைசிக் காலத்தில் நண்பர்களுக்கு எழுதினார்.

இதில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம் ஒன்று உண்டு. சிறுகதைத் தொகுப்பு விற்காது, நாவல் என்றால் பார்க்கலாம் என்பது பதிப்பகங்களின் வழக்கமான கணக்கு. 1927-லேயே லவ்கிராஃப்ட் ஒரு முழு நாவல் எழுதி வைத்திருந்தார். 'தி கேஸ் ஆஃப் சார்லஸ் டெக்ஸ்டர் வார்டு'. 50,000 சொற்களுக்கு மேல். அவர் அதை டைப்பே செய்யவில்லை. டைப் அடிக்கச் சோம்பல், கூடவே அது சரியில்லை என்ற தாழ்வு எண்ணம். அவர் உயிரோடு இருக்கும்வரை அது அச்சாகவே இல்லை. 1941-ல்தான் சுருக்கிய வடிவத்தில் வெளிவந்தது.

ஏஜென்ட் என்ன பார்ப்பார்?

மேலை நாடுகளில் எழுத்தாளர் பெரும்பாலும் நேராகப் பதிப்பகத்துக்குப் போவதில்லை. பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ட் வழியாக வருவதைத்தான் படிக்கும். விற்றால்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன். அன்று 10 சதவீதம், இன்று பொதுவாக 15. படிப்பதற்கே காசு கேட்டால் அவர் நல்ல ஏஜென்ட் இல்லை.

ஹாரர், ஃபேன்டஸி வாங்கும் ஏஜென்ட் முதலில் பார்ப்பது ஒரு சிறிய கடிதம், கதைச் சுருக்கம், தொடக்கப் பக்கங்கள். ஹாரர் என்றால் பயம் எதிலிருந்து வருகிறது என்று தேடுவார். ரத்தம் எத்தனை லிட்டர் என்பது முக்கியமில்லை. ஃபேன்டஸி என்றால் அந்த உலகத்தின் விதிகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அப்புறம் நீளம். முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,20,000 சொற்கள் என்பது இன்றைய பொதுவான எதிர்பார்ப்பு. திருத்தச் சொன்னால் இந்த எழுத்தாளர் திருத்துவாரா என்பதும் கணக்கில் வரும்.

லவ்கிராஃப்ட்டை இதில் நிறுத்திப் பாருங்கள். கடிதத்தில் ஃபெயில். திருத்தம் விஷயத்திலும் ஃபெயில். 40,000 சொல் கதை பத்திரிகைக்கு நீளம், புத்தகத்துக்குக் குட்டை, அதனால் நீளத்திலும் ஃபெயில். ஆனால் உலக விதிகளில் நூற்றுக்கு நூறு. எழுதும் முன்பே அவர் 2 பட்டியல் போடுவார். நிகழ்ச்சிகள் உண்மையில் நடந்த வரிசை ஒன்று, கதையில் வாசகருக்குச் சொல்லப்போகும் வரிசை இன்னொன்று. ஆர்க்கம் என்ற கற்பனை ஊர், அதன் பல்கலைக்கழகம், மந்திரப் புத்தகம் என எல்லாமே கதைக்குக் கதை தொடர்ந்து வரும். பயத்தின் புதுமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வந்தார் ஷ்வார்ட்ஸ்

ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் நியூயார்க் பையன், அறிவியல் புனைகதைப் பைத்தியம். 1934-ல் நண்பர் மோர்ட் வைசிங்கரோடு சேர்ந்து அந்த வகைக் கதைகளை விற்பதற்கென்றே ஓர் ஏஜென்சி தொடங்கினார். பெயர் சோலார் சேல்ஸ் சர்வீஸ். கதையை எழுதியவருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது: எந்தப் பத்திரிகைக்கு எது பொருந்தும் என்பது.

லவ்கிராஃப்ட் அதைப் பேய்க் கதை என்று நினைத்துப் பேய்ப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஷ்வார்ட்ஸ் அதையே அறிவியல் புனைகதை என்று பார்த்தார். விமானம், துளையிடும் கருவி, புதைபடிவம், புவியியல் எல்லாம் இருக்கிறதே! 1935-ல் 'ஆஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' ஆசிரியர் ட்ரெமைனிடம் கொடுத்தார், விற்றது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் வாண்ட்ரி, 'தி ஷேடோ அவுட் ஆஃப் டைம்' கதையை அதே ட்ரெமைனிடம் கொடுத்து 280 டாலருக்கு விற்றார். அந்தக் கதையை டைப் செய்ததும் லவ்கிராஃப்ட் இல்லை. ஃபுளோரிடாவில் இருந்த ராபர்ட் பார்லோ என்ற 17 வயது ரசிகர் அவருக்கே தெரியாமல் டைப் செய்து வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி காணாமல் போய் 1995-ல்தான் ஹவாயில் கிடைத்தது.

2 கதைக்கும் சேர்த்துக் கையில் வந்தது 595 டாலர். மிச்சம் பிடிக்க டின் உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு அது சின்னத் தொகை இல்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. 1936 பிப்ரவரி முதல் 3 இதழ்களில் வந்த அண்டார்டிகா கதையைப் பார்த்துக் கொதித்துப்போனார். நீண்ட பத்திகளை ஆசிரியர் குழு துண்டு துண்டாக வெட்டியிருந்தது, முடிவுப் பகுதியில் நிறைய வரிகளைக் காணோம். கால்புள்ளியைக்கூடத் தொடாதே என்றவராயிற்றே! தன் பிரதிகளில் உட்கார்ந்து கையாலேயே திருத்தினார்.

ஷ்வார்ட்ஸ் பின்னாளில் ரே பிராட்பரியின் ஆரம்பக் கதைகளையும் விற்றுக்கொடுத்தார். பிறகு டி.சி. காமிக்ஸ் ஆசிரியர் ஆனார். 1974-ல் அவர் பொறுப்பில் இருந்த பேட்மேன் இதழில்தான் வில்லன்களை அடைக்கும் ஆர்க்கம் மருத்துவமனை முதன்முதலாக வந்தது. ஆமாம், அந்தப் பெயர் லவ்கிராஃப்ட்டின் ஊர்தான்.

46 வயதில் முடிந்த வாழ்க்கை

1936 கடைசியில், கைவிட்டுக் கிடந்த 'இன்ஸ்மவுத்' கதையை ஒரு சிறிய அச்சகக்காரர் புத்தகமாக்கினார். 400 பிரதி அச்சடித்தார், சுமார் 200-ஐ மட்டும் பைண்டிங் செய்தார். அச்சுப்பிழை மலிந்த அந்த ஒன்றுதான் லவ்கிராஃப்ட் கண்ணால் பார்த்த ஒரே புத்தகம்.

அதற்குள் வயிற்று வலி தொடங்கியிருந்தது. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டார். சிறுகுடல் புற்றுநோய். 1937 மார்ச் 15 அன்று பிராவிடன்ஸ் மருத்துவமனையில் இறந்தார்.

டெர்லெத்தும் வாண்ட்ரியும் அவருடைய கதைகளைத் தொகுத்துப் பெரிய பதிப்பகங்களின் கதவைத் தட்டினார்கள். மறுபடியும் மறுப்பு. சரி, நாமே போடுவோம் என்று 1939-ல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தையே தொடங்கினார்கள். முதல் புத்தகம் 'தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்'. விலை 5 டாலர். அச்சடித்தது 1,268 பிரதிகள். அவை விற்றுத் தீர சுமார் 4 வருடங்கள் ஆயின.